முசோலினியை இத்தாலிக்குள் யாருமே எதிர்க்கவில்லையா?

"இருபது ஆண்டுகள் ஆண்டாரே, இத்தாலியர்கள் வாய் மூடித்தான் கிடந்தார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, எதிர்த்தார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கமாக நின்று எதிர்த்தார்கள். கோளாறு அங்கேதான் என்பது என் எண்ணம்.

சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பார்மா நகரமே சாட்சி. 1922 ஆகஸ்டில் பொது வேலைநிறுத்தத்தை நசுக்குவதற்காக பாசிஸ்ட் தளபதி இத்தாலோ பால்போ தலைமையில் முசோலினியின் ஆட்களான பாசிஸ்டுகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கினார்கள். ஓடைக்கு அக்கரையில் இருந்தது தொழிலாளர் குடியிருப்பு. வீதியில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்தும், தேவாலயத்து பெஞ்சுகளை இழுத்து வந்தும் தெருவுக்குத் தெரு தடுப்பு எழுப்பினார்கள். ஆண், பெண் என்று குடியிருப்பே காவலுக்கு நின்றது. தலைமை தாங்கியவர் குவிதோ பிச்செல்லி என்ற நாடாளுமன்ற உறுப்பினர். சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட், அராஜகவாதி, கத்தோலிக்கர் என்ற பேதம் அந்தச் சில நாட்கள் அங்கே எடுபடவில்லை. பால்போ அந்தக் குடியிருப்புக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனார்.

மற்ற ஊர்களில்? முந்தைய ஆண்டுதான் சோஷலிஸ்ட் தலைமை பாசிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் போட்டிருந்தது. கம்யூனிஸ்ட் தலைமையோ, பொதுவான தற்காப்புப் படையில் சேரக்கூடாது என்று தன் தொண்டர்களைத் தடுத்தது. 1922 அக்டோபர் இறுதியில் ஆட்சி முசோலினியின் கைக்குப் போய்விட்டது.

1924இல் தேர்தல் முறைகேட்டை அவையிலேயே அம்பலப்படுத்திய சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து, மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தன. மன்னர் அசையவே இல்லை. களத்தை எதிரிக்குத் தாரைவார்த்த அந்த வெளிநடப்பை என்னால் மெச்ச முடியவில்லை.

அதற்குப் பிறகு மிஞ்சியது தனிமனிதத் துணிச்சல். 1931இல் பேராசிரியர்கள் எல்லோரும் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர்தான். இரை, வேட்டை விலங்கு எண்ணிக்கை குறித்த சமன்பாடுகளால் கணித மாணவர்கள் அறிந்த வோல்தெரா அவர்களில் ஒருவர், வேலை போயிற்று. கையெழுத்திட்டவர்களை எல்லாம் கோழைகள் என்றும் சொல்லிவிட முடியாது. வகுப்பறையைப் பாசிஸ்டுகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பாசிசத்தின் எதிரியான தத்துவ அறிஞர் குரோச்சேயே சிலருக்கு யோசனை சொன்னார்.

அதே ஆண்டு அக்டோபரில் லௌரோ தெ போசிஸ் என்ற கவிஞர், தனியாக விமானம் ஓட்டிய அனுபவம் சொற்பமே என்றாலும், ரோமின் மேல் பறந்து துண்டறிக்கைகளைக் கொட்டினார். அவரும் விமானமும் திரும்பவே இல்லை.

கட்சிகள் மறுபடி கைகோத்தது அந்நிய மண்ணில். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசு அரசின் பக்கம் நின்று போரிட 1936இல் இத்தாலியக் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் குடியரசுவாதிகளும் உடன்பட்டு கரிபால்டி படையணியை அமைத்தார்கள். 1937 மார்ச்சில் குவாதலஹாராவில், கலகம் செய்த பிராங்கோவுக்குத் துணையாக முசோலினி அனுப்பிய படைகளைத் தோற்கடித்தவர்களில் இவர்களும் உண்டு. அதில் சேர்ந்திருந்த பிச்செல்லி, அந்த ஜனவரியிலேயே போர்முனையில் இறந்துவிட்டிருந்தார்.