மேடிசன் ஆபீசில் 'பேட்ஜர்' என்றது கேலியா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் உங்கள் சக ஊழியர் உங்களை 'பேட்ஜர்' (badger) என்றது கேலியா என்று கேட்டிருந்தீர்கள். கேலி இல்லைங்க. 'இனி நீயும் ஒரு பேட்ஜர்' என்று சக ஊழியர் சொன்னால், நம்ம ஊர் ஆளாகிவிட்டாய் என்று அர்த்தம். அகராதியில் அந்தச் சொல்லுக்கு நீங்கள் பார்த்த 'நச்சரிப்பது' என்ற பொருள் இங்கே பொருந்தாது.

விஸ்கான்சினுக்குப் பட்டப்பெயரே 'பேட்ஜர் மாநிலம்'தான். பேட்ஜர் என்ற விலங்கு நிறைய இருந்ததால் வந்த பெயரல்ல. 1820, 30களில் மாநிலத்தின் தென்மேற்கில் ஈயம் தோண்ட வந்தவர்களில் பலர் வீடு கட்டாமல், மலைச்சரிவில் குழி பறித்து அதிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். வளை தோண்டி வாழும் பேட்ஜரின் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் கிண்டலாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு மாநிலச் சின்னத்திலேயே ஏறிவிட்டது. 1957இல் மாநில விலங்கும் ஆனது.

இன்று அதிகம் காதில் விழுவது மேடிசன் பல்கலைக்கழக அணிகளையும் மாணவர்களையும் குறிக்கத்தான். ஆட்ட நாளில் சிவப்புச் சட்டை போட்டுப் போங்கள். பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவைச் சேர்ந்தவர் யாராவது அருகில் இருந்தால் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள், அவர்கள் போட்டி அணியான 'கோஃபர்' கட்சி!