பூன் ஹில்: ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இறங்குவதைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு 54 வயது, கணவருக்கு 60. திருப்பதிக்கு அலிபிரி வழியாக மூன்று முறை நடந்தே ஏறியிருக்கிறோம். ஏறுவதில் எனக்குச் சிரமமில்லை. படி இறங்கும்போதுதான் வலது முழங்கால் வலிக்கிறது. அவர் பத்து வருஷமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். வருகிற மார்ச்சில் முக்திநாத் போகிறோம். அதோடு நேபாளத்தில் கோரேபானி – பூன் ஹில் நடைப்பயணமும் போகலாமா? விசாரித்த இடத்தில் "ஈஸி ட்ரெக், மூன்றே நாள்" என்கிறார்கள். நாங்கள் சைவம். – ஒரு வாசகி, கும்பகோணம்

போகலாம். ஆனால் அந்த மூன்று நாள் திட்டம் வேண்டாம். அவர்கள் கூட்டிப்போகும் திசையும் வேண்டாம்.

மூன்று நாள் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல் நாள் பொக்ரா நகரத்திலிருந்து ஜீப்பில் உல்லேரி, அங்கிருந்து நடந்து கோரேபானி. இரண்டாம் நாள் விடிவதற்கு முன் பூன் ஹில், இறங்கி வந்து காலை உணவு, உடனே மூட்டை கட்டித் தாடாபானி. மூன்றாம் நாள் காந்த்ருக் கிராமம், அங்கிருந்து ஜீப், பொக்ரா. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். அந்த இரண்டாம் நாளை மட்டும் பிரித்துப் பார்த்தால் தெரியும். கோரேபானி சுமார் 2,860 மீட்டர். அங்கிருந்து 3,210 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூன் ஹில்லுக்கு ஏறி, அதே 350 மீட்டரை இறங்க வேண்டும். பிறகு 3,000 மீட்டரைத் தாண்டும் தேவ்ராலி முகட்டுக்கு மறுபடி ஏற்றம். அதற்கப்புறம் பாந்தாந்தி வரை ஒரு ஓடைப் பள்ளத்துக்குள் செங்குத்தான இறக்கம், கடைசியாகத் தாடாபானிக்கு இன்னொரு ஏற்றம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்த உடம்போடு இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டும். உங்கள் முழங்கால் மக்கர் பண்ணுவது அந்தத் தேவ்ராலி இறக்கத்தில்தான். வெயில் அதிகம் எட்டாத பள்ளம் என்பதால் பனிக்காலம் முடிந்த பிறகும் சில இடங்களில் பனி இறுகிக் கிடக்கும். ஒரு பிப்ரவரியில் நான் அங்கே உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கியிருக்கிறேன். பார்த்தவர்களுக்கு வேடிக்கை, எனக்கு இரண்டு வாரம் முழங்கால் வலி.

அதனால் வட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். காந்த்ருக்கில் தொடங்கி உல்லேரியில் முடியுங்கள். ஏற்ற இறக்கத்தின் மொத்தக் கூட்டல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். எது எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் வித்தியாசம். பாந்தாந்திப் பள்ளத்தை நீங்கள் ஏறுவீர்கள், அது உங்களுக்குக் கைவந்த வேலை. பெரிய இறக்கமான கோரேபானி – உல்லேரி அகலமான, கல் பாவிய பாதை. காட்டுக்குள் நிதானமாகச் சரிகிறது, சற்று தூரத்துக்கு ஒரு டீக்கடை இருக்கிறது, நினைத்த இடத்தில் உட்காரலாம். உங்கள் கணவருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. இரவு தங்கும் உயரம் 2,000, 2,630, 2,860 என்று படிப்படியாகக் கூடும். வழக்கமான திசையிலோ, 820 மீட்டரில் இருக்கும் பொக்ராவில் காலை டீ குடித்துவிட்டு அன்று இரவே 2,860 மீட்டரில் படுக்க வேண்டும்.

நான் போடும் திட்டம் ஐந்து நாள், நான்கு இரவு. முதல் நாள் பொக்ராவிலிருந்து நயாபுல், பிரேதாந்தி வழியாகக் கிம்சே வரை ஜீப். அங்கிருந்து ஒரு மணி நேரம் போல கல் பாதையில் நடந்தால் காந்த்ருக். மத்தியானமே போய்விடுங்கள். குருங் மக்களின் ஊர் அது, கூர்க்கா படைப்பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். இந்தியப் படையில் இருந்தவராக அமைந்துவிட்டால் இந்தியில் ஊர்க்கதை பேசிக்கொண்டே சாயங்காலத்தை ஓட்டிவிடலாம். கல் பலகைக் கூரை வீடுகள், உத்தரத்தில் சரமாகத் தொங்கும் மக்காச்சோளம், தெருக்கோடியில் நிமிர்ந்தால் அன்னபூர்ணா தெற்கு (7,219 மீட்டர்), பக்கத்தில் மீன் வால் போலப் பிளந்த மச்சபுச்சரே (6,993 மீட்டர்). பெயருக்கே மீன் வால் என்றுதான் அர்த்தம், மச்சம் நமக்குத் தெரிந்த மச்சம்தான். 1957-இல் ஒரு பிரிட்டிஷ் குழு அதன் உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு அந்த மலையில் ஏற நேபாள அரசு அனுமதி கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பூன் ஹில்லை விட காந்த்ருக்தான் ஒரு படி மேல்.

இரண்டாம் நாள் தாடாபானி, நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். தூரத்துத் தண்ணீர் என்று பொருள். மூன்றாம் நாள்தான் கொஞ்சம் நீளம். பள்ளம் இறங்கி, பாந்தாந்தி வழியாகத் தேவ்ராலிக்கு ஏறி, கோரேபானிக்கு இறங்க ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், மார்ச்சில் மத்தியானத்துக்கு மேல் மேகம் மூடும், சில நாள் ஆலங்கட்டி மழையும் உண்டு. கோரேபானியில் இரண்டு இரவு தங்குங்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டும் இடம் என்பதுதான் ஊரின் பெயர், திபெத்துக்கு வியாபாரத்துக்குப் போன கழுதை, குதிரைக் கூட்டங்கள் நின்று போன ஊர். மேலே இருக்கும் பூன், மகர் இனத்தின் புன் என்ற குலப்பெயர்.

இரண்டு இரவு ஏன் என்றால், பூன் ஹில்லுக்கு இரண்டு விடியல் கிடைக்கும். ஒரு நாள் மேகம் மூடினாலும் இன்னொரு நாள் இருக்கிறது. முதல் விடியலிலேயே வானம் தெளிவாக இருந்துவிட்டால் மறுநாள் விடிகாலைப் பரபரப்பே வேண்டாம், சாப்பிட்டு முழங்காலை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு உல்லேரிக்கு இறங்கலாம். எல்லாரும் நாலரை மணிக்கு நெற்றி விளக்கோடு வரிசையாக ஏறுவார்கள். உங்கள் கணவர் அந்த வரிசையில் சேர வேண்டாம். வெறும் வயிற்றில், கடுங்குளிரில், பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டுமே என்ற அவசரத்தில் படி ஏறுவது ரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது. நன்றாக விடிந்த பிறகு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு ஏறட்டும். ஏழு மணிக்கு மேல் கூட்டம் இறங்கத் தொடங்கிவிடும், தெளிவான நாளில் மலைகள் அப்போதும் அங்கேயேதான் இருக்கும். மேற்கே தவளகிரி (8,167 மீட்டர்), வடக்கே அன்னபூர்ணா வரிசை, நடுவில் காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. நீங்கள் முக்திநாத்தில் கும்பிடப்போகும் சாளக்கிராமம் அந்த ஆற்றில்தான் கிடைக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்துக்குப் போகிறவருக்கு, அந்த ஆற்றின் வழியை மேலிருந்து ஒரு முறை பார்ப்பது தனிச் சந்தோஷம்.

நடைப்பயணத்தை முன்னாலும் முக்திநாத்தைப் பின்னாலும் வையுங்கள். பூன் ஹில் உயரத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் பலரும், 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் முக்திநாத்துக்கு வண்டியிலேயே போய் இறங்குகிறார்கள். உடம்பைப் பொறுத்தவரை இதுதான் பெரிய சோதனை. மலை நோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம்: தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். கூடிக்கொண்டே போனாலோ, தள்ளாட்டமோ, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் இறங்க வேண்டியதுதான். மூன்று நான்கு நாள் நடந்து பழகிய உடம்பு முக்திநாத்தை இன்னும் எளிதாகத் தாங்கும்.

கணவர் விஷயத்தில் மருத்துவரிடம் குறிப்பாக இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, மாத்திரையில் சிறுநீர் பெருக்கும் மருந்தோ இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தோ இருக்கிறதா? இருந்தால் ஏற்றத்தில் தண்ணீர் வற்றுவதும், வேகமாக நடக்க முடியாமல் போவதும் எதிர்பார்க்க வேண்டியவை. இன்னொன்று, ட்ரெட்மில் பரிசோதனை தேவையா? மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள், சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள். அப்புறம், முழங்காலுக்கு நீங்கள் வைத்திருக்கும் வலி மாத்திரையைப் பாசத்தில் அவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் பல, ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

முழங்காலுக்கு வருவோம். வலி மட்டும்தானா, அல்லது கால் மடங்கிய நிலையில் சிக்கி நீட்ட முடியாமல் போகிறதா? நடந்த மறுநாள் வீக்கம் வருகிறதா? இதில் ஏதாவது உண்டென்றால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், டிக்கெட் அப்புறம். வெறும் வலிதான் என்றால் பெரும்பாலும் தொடையின் முன்தசைக்குப் பலம் போதவில்லை. இறங்கும்போது அந்தத் தசை நீண்டபடியே பிரேக் பிடிக்கிறது. அது தளர்ந்தால் பாரம் மூட்டில் போய் உட்காரும். கும்பகோணத்தில் மலை இல்லை, மாடிப்படி இருக்கிறது. பயணத்துக்கு எட்டு வாரம் முன்பிருந்து, வாரத்துக்கு நான்கு நாள், ஒரு படியிலிருந்து ஒற்றைக்காலால் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கிப் பழகுங்கள். வலி இல்லாத அளவுக்கு மட்டும், காலுக்குப் பத்து, பிறகு பதினைந்து. ஏறுவதற்கு லிஃப்டில் போனாலும் பாதகமில்லை, இறங்குவதுதான் பயிற்சி.

ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். ஒன்று போதும் என்பார்கள், போதாது. இறக்கத்தில் கோலை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, கால் இறங்குவதற்கு முன் இரண்டு கோலும் கீழ்ப்படியில் ஊன்றியிருக்க வேண்டும். முதுகில் தண்ணீரும் ஜாக்கெட்டும் தவிர வேறு சுமை ஆகாது. இருவருக்கும் சேர்த்து ஒரு சுமையாளர் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த மூட்டை 15 கிலோவுக்குள் இருக்கட்டும். அவருக்குக் காப்பீடு உண்டா, குளிருக்குத் துணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆளை அமர்த்துங்கள்.

திக்கேதுங்கா – உல்லேரி இடையே 3,000-க்கும் மேல் கல்படிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அலிபிரியில் 3,550 படி ஏறியவருக்கு எண்ணிக்கை புதிதல்ல. ஆனால் அலிபிரியில் நடுவே சமதளம் வரும், படியும் ஒரே அளவு. இங்கே ஒவ்வொரு கல்லும் ஒரு உயரம். நீங்கள் அதை இறங்கவே வேண்டாம், உல்லேரிக்கே ஜீப் வருகிறது. ஜீப்பை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பருப்பும் சோறும் காய்கறியும் எல்லா விடுதியிலும் உண்டு, கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். அசைவமும் அதே சமையலறையில்தான் வேகும், அது ஒவ்வாது என்றால் இந்தப் பயணமே கஷ்டம். தின்டோ கிடைத்தால் விடாதீர்கள், நம்ம ஊர்க் களியேதான். கோதோ தின்டோ என்றால் வரகு என்று நினைத்துவிடாதீர்கள், நேபாளத்தில் கோதோ என்பது கேழ்வரகு. தங்கும் இடத்திலேயே இரவும் காலையும் சாப்பிட வேண்டும் என்பது மலையின் எழுதாத சட்டம், அறை வாடகை குறைவாக இருப்பது அதனால்தான். அறைக்குள் கணப்பு கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் இரும்பு அடுப்பு எரியும், தூக்கம் வரும் வரை எல்லாரும் அதைச் சுற்றித்தான்.

மார்ச் நடுவில் போனால் காடு முழுக்க லாலிகுராஸ் பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தம். கீழே ரத்தச் சிவப்பு, மேலே போகப் போக ரோஸ், வெள்ளை. ஆனால் மார்ச் கடைசியில் தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து தூரத்து மலைகளை மங்கலாக்கிவிடும். மலைதான் முக்கியம் என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். போகும் வழியில் இருக்கும் லும்லே, நேபாளத்திலேயே அதிக மழை பெய்யும் இடம். அந்த மாதங்களில் பாதையெல்லாம் அட்டை.

பாதையில் கோவேறு கழுதைக் கூட்டம் மணியடித்துக்கொண்டு வரும். கேட்டதும் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். எரிவாயு உருளை கட்டிய கழுதை இடித்தால் நிற்க இடமிருக்காது.

இனி காகிதங்கள். இந்தியருக்கு விசா வேண்டாம், ஆனால் ஆதார் உங்கள் வயதில் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிக்கு சார்க் நாட்டவருக்கு (இந்தியரும் அதில் சேர்த்தி) 1,000 நேபாள ரூபாய். மலையேறிகள் பதிவு அட்டையையும் வழிகாட்டியையும் பொக்ராவில் பதிவு பெற்ற நிறுவனம் மூலம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நம் நூறு ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், மாறாத கணக்கு. நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோங்கள், மலையில் தேவையான பணத்தைப் பொக்ராவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது 4,000 மீட்டர் வரை மலை நடை அடங்குமா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று கேளுங்கள். கணவரின் ரத்த அழுத்தத்தை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், மறைத்தால் தேவைப்படும் நாளில் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.