வெறும் ஆபரேட்டர்

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு கந்தக அமில ஆலையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயுத பூஜைக்குப் பம்புகளுக்குச் சந்தனம் வைத்தது, இரவு ஷிப்ட் முடிந்து முத்துக்கடையில் டீ குடித்தது என்று எல்லாமே இனிப்பாகத்தான் நினைவில் நிற்கின்றன. எழுத ஆசை. பாலாற்றைக் கெடுத்த தொழிலில் என்ன இனிமை என்று பேரன் கேட்கிறான். நான் வெறும் ஆபரேட்டர், படிப்பும் இல்லை. எழுதலாமா? நாவலாகவா, கட்டுரையாகவா?

எம்., வாலாஜாபேட்டை

அன்புள்ள எம்.,

நாவலா கட்டுரையா என்பது நூறு பக்கம் எழுதிய பிறகு வரவேண்டிய கவலை. பேரன் கேட்டது நியாயம். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. உங்களுடையது தோல் ஆலை இல்லையே என்று நழுவாமல், அவன் கேள்வியையும் சேர்த்தே எழுதுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ‘வெறும்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான்.

1984-ல் நானும் உங்கள் பக்கத்து அமில ஆலை ஒன்றில் பதினான்கு மாதம் பயிற்சிக்கு இருந்தேன். டிப்ளமோ முடித்த திமிர். கந்தகத்தை உருக்கி எரித்து, வாயுவை வனேடியம் வினையூக்கியின் வழியே செலுத்தி, கடைசியில் 98.5 சதவீத அமிலத்தில் உறிஞ்சவிட வேண்டும். வெறும் தண்ணீரில் விட்டால் புகைமூட்டமாகிவிடும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். என் ஷிப்டில் இருந்த பெரியவர் ஐந்தாம் வகுப்பு. என்னை ‘நைனா’ என்பார்.

ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். பேனலில் அமிலத்தின் வலிமையைக் காட்டும் முள் 98.5-ல் அசையாமல் நின்றது. அவர் பற்றவைக்காத பீடியைக் கடித்தபடி வெளியே போய்ச் சிம்னியை அண்ணாந்து பார்த்தார். “வால் முளைக்கிறது நைனா. அமிலம் இறங்கிவிட்டது” என்றார். நான் முள்ளைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. “மாதிரி எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடு” என்று என்னை விரட்டிவிட்டு, அமிலத்தில் சேரும் தண்ணீரின் வால்வைக் கால் சுற்று மூடினார். லேபில் 97.6. முள் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அரை மணியில் வால் கரைந்தது. காலையில் லாக் ஷீட்டில், கண்டுபிடித்தவர் என்று ஏறியது ஷிப்ட் இன்ஜினியரின் பெயர்.

வலிமை குறைந்த அமிலத்திலிருந்து எழும் நீராவி வாயுவோடு கூடி வெண்பனியாவதுதான் அந்த வால். காரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். வால் எத்தனை முழம் நீண்டால் வால்வை எவ்வளவு மூட வேண்டும் என்பது எங்கே கிடைக்கும்? அது அவருடைய கழுத்திலும் மணிக்கட்டிலும் இருந்தது. அவரோடு போய்விட்டது. உங்களிடம் இருப்பதும் அப்படித்தான் போகப்போகிறது, நீங்கள் ‘வெறும்’ என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தால். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் உர ஆலை 1906-ல் ராணிப்பேட்டையில்தான் வந்தது. கம்பெனியின் பெயரை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே உரத்துக்கான பாஸ்பேட் பாறைத் தூள்மீது முதன்முதலில் அமிலத்தைத் திறந்துவிட்ட கை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

இனிமையைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். மாலையில் கழற்றிப் போடும்போது சட்டை நன்றாகத்தான் இருக்கும். துவைத்து உலர்த்தினால் சல்லடையாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தெறித்த அமிலம் நூலைத் தின்றிருக்கும். அம்மா திட்டிக்கொண்டே அதைக் கிழித்துச் சோற்றுப்பானை இறக்கும் துணியாக்குவாள். அந்தத் துணியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அதற்காக நான் பாலாற்றுக்குத் துரோகி ஆகிவிட மாட்டேன்.

ஒரு சந்தேகம். கந்தகத் தூள் பட்ட கண் பகலில் சும்மா இருந்துவிட்டு இரவு படுத்த பிறகு எரியுமே, அதற்கு எங்கள் ஆட்கள் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார்கள். உங்கள் ஆலையில் என்ன செய்வீர்கள்? அதை மட்டுமாவது இந்த வாரமே எழுதி அனுப்புங்கள்.