மலையில் யாரிடம் கற்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையில் கட்டிடக்கலை படித்துவிட்டு மூன்று ஆண்டாக வேலை பார்க்கிறேன். கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது, பாதி பேரிக்காய், பாதி காப்பி. வில்லா கட்ட விலை பேசி வருகிறார்கள். விற்க மனமில்லை. சூழலுக்கு ஒத்த நில வடிவமைப்பையும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலையும் முறையாகக் கற்று, அந்த நிலத்தை நானே பார்த்துக்கொள்ள ஆசை. பத்து நாள் சான்றிதழ் வகுப்புகள் நிறைய நடக்கின்றன. எல்லோருமே அனுபவமுள்ள ஆசிரியர் என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். யாரை நம்புவது? முதுகலை படிக்க வெளியூர் போக வேண்டுமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

விற்க மனமில்லை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது.

முதுகலைக்குப் போக முடிந்தால் போங்கள். டெல்லியிலும் அகமதாபாத்திலும் நல்ல படிப்பு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயன் மக்ஹார்க், மண், சரிவு, நீரோட்டம், தாவரம் ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையை 1960-களில் பரப்பினார். எங்கே எதைத் தொடக்கூடாது என்பது அந்த அடுக்கில் தெரிந்துவிடும். இன்று ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட மென்பொருளில் செய்வதும் அதே அடுக்கல்தான். அதை ஒழுங்காகப் பழக ஒரு வகுப்பறை வேண்டும்.

சான்றிதழ் வகுப்பு விஷயத்தில் மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பள்ளங்கிப் பக்கம் எனக்கு ஒரு சிறு நிலம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரை அழைத்து வடிவமைத்துத் தரச் சொன்னேன். நல்ல பேச்சு, அழகான வரைபடம். சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் அகழிகள் வெட்டி மழைநீரை நிறுத்தினார். மழை குறைந்த, சாய்வும் குறைந்த நிலத்துக்கு அது அருமையான முறை. எங்கள் சரிவோ செங்குத்து. கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்ததில் அகழியில் நின்ற நீர் உள்ளே இறங்கி, மண் கனத்து, இரண்டு அகழிகளுக்கு நடுவிலிருந்த துண்டு அப்படியே கீழே வழுக்கிப் போய்விட்டது. அன்று காலை அங்கே நின்று அழுதேன்.

பூம்பாறையில் பூண்டு போடும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "தண்ணிய நிறுத்தாதம்மா, நடக்க விடு" என்றார். அவருடைய படி நிலங்கள் ஒவ்வொன்றும் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். அங்கே சேரும் நீர் கல்கட்டின் அடியோரமாக மெதுவாக நடந்து, ஓரத்து ஓடையில் இறங்கும். ஊட்டியிலுள்ள மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தாரும் கனமழைச் சரிவுகளுக்கு உள்சாய்வுப் படிகளைத்தான் சொல்கிறார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத அவர்தான் என் முதல் ஆசிரியர்.

அதிலிருந்து எந்த ஆசிரியரைப் பார்த்தாலும் ஒன்று கேட்பேன்: நீங்கள் செய்ததில் எது கெட்டுப்போனது, அதைப் போய்ப் பார்த்தீர்களா? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். வடிவமைத்த நிலத்துக்குப் பத்து மழைக்காலம் திரும்பத் திரும்பப் போனவருக்குத்தான் அனுபவம் என்ற சொல் பொருந்தும்.

இந்த மலையிலேயே அதற்குப் பெரிய உதாரணம் உண்டு. கொடைக்கானலைச் சுற்றிய மேல்பழனி மலையின் புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்ற வெளிநாட்டு மரம், காகிதக் கூழுக்காக யூகலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். எஞ்சியதில் உழவும் ஏறியது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அந்தக் காலத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மழையை வாங்கி வைத்துக் கோடையில் ஓடைக்கு விடுவது அந்தப் புல்தான். மரம் நட்டால் நல்லது என்று நம்பிய படித்தவர்கள் செய்த திட்டமிடல் அது, அதை மறக்காதீர்கள்.

அப்படியானால் வாட்டில் முழுவதையும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனிலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் பல ஆண்டுகள் அந்த வாட்டில் காட்டுக்குள் நடந்து பார்த்துச் சொன்னது வேறு. திறந்த வெளியில் பனி கருக்கிவிடும் சோலைக் கன்றுகள் (சோலை என்பது இந்த மலையின் இயற்கைக் காடு), வயதான வாட்டில் மரங்களின் நிழலில் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் வெயில் பட்டு, மண்ணுக்குள் தூங்கும் வாட்டில் விதைகள் கூட்டமாக எழும். ஆகவே சோலை வரும் இடத்தை விட்டுவிட வேண்டும். புல் இன்னும் மிஞ்சியிருக்கும் விளிம்பில்தான் வாட்டில் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒரே மரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு தீர்ப்பு. இதைப் பத்து நாள் வகுப்பில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உங்கள் நான்கு ஏக்கரில் இப்போதைக்கு எதையும் வெட்டாதீர்கள், ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க, நீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே கலங்கலாகப் போகிறது என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். சித்திரையில் எந்த ஊற்று வற்றாமல் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே யார் நிலம், கீழே யார் குடிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நிலப் பயன்பாட்டுத் திட்டம் உங்கள் பட்டாவின் எல்லையோடு முடிவதில்லை. அந்த நோட்டோடு எந்த ஆசிரியரிடம் போனாலும் அவர் உங்களை ஏமாற்ற முடியாது.

பூம்பாறைப் பெரியவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். வெயிலில் வந்தால் காட்ட ஒன்றுமில்லை, ஐப்பசியில் மழை பிடித்த பிறகு வரச் சொல் என்றார். மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். அவர் குடை பிடித்து நடக்க விடமாட்டார்.