ஒரே கிளி, இரண்டு சிவப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியரின் கிளிகள் நூலிலுள்ள ஒரே பஞ்சவர்ணக்கிளிப் படத்தை இரண்டு நூலகங்களின் மின்படிகளில் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு குங்குமம்போல அடர்ந்திருக்கிறது. மற்றதில் வெளிறிக் கிடக்கிறது. அச்சிட்ட படம் ஒன்றுபோல இருக்க வேண்டாமா? இவற்றில் ஒன்று போலியா? அமெரிக்கப் பறவைகளை வரைந்த ஆடுபானின் கல்லச்சுப் படங்களும் இப்படித்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மின்படி எடுக்கும்போதே நிறம் ஓரளவு மாறிவிடும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வேறுபாடு எஞ்சும். அதனால் மட்டும் எதுவும் போலியாகிவிடாது. கல்லச்சில் தாளுக்கு வந்தவை கறுப்புக் கோடும் நிழலும்தான். சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் தனித்தனியே தீட்டப்பட்டவை. தேய்த்து மெல்லிய சொரசொரப்பு ஏற்றிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கோலால் வரைந்து, கல்லை ஈரமாக்கி மை தடவினால், ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்பு உள்ள இடம் பிடித்துக்கொள்ளும். கோல் கல்லின் சொரசொரப்பில் உரசிய தடம் அப்படியே தாளில் இறங்குவதால்தான் இறகின் மென்மை செப்புத் தகட்டைவிடக் கல்லில் நன்றாக வருகிறது என்பது என் எண்ணம்.

லியர் 1830 முதல் 1832 வரை, தம் இருபது வயதையொட்டி, பெரும்பாலும் உயிருள்ள கிளிகளைப் பார்த்தே 42 படங்களை வரைந்தார். 175 படிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பிட்டு, அச்சு முடிந்ததும் கல்லிலிருந்த ஓவியத்தை அழித்துவிடுவார். அத்தனையும் அச்சாகியிருந்தால் 7,350 தாள்கள். ஒரு மாதிரித் தாளை முன்னே வைத்துக்கொண்டு பல கைகள் தீட்டும் வேலையில், ஒருவர் கரைத்த சிவப்பு அடுத்த கிண்ணத்துச் சிவப்போடு ஒத்துப்போகாது. பிறகு வெளிச்சம் பட்டு வெளிறும். ஈய வெள்ளை பூசிய இடம் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். வெண்மார்புப் பறவையின் மார்பில் சாம்பல் படர்ந்திருந்தால் அது ஓவியரின் பிழையன்று.

ஆடுபானைப் பற்றி ஒரு திருத்தம். 1827க்கும் 1838க்கும் இடையே வந்த அவருடைய பெரிய நூலின் 435 படங்களும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணமிட்டவை. கல்லச்சு என்பது பின்னர் வந்த சிறிய பதிப்பு போன்றவற்றுக்கே பொருந்தும். இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை பேசுவோரும் உண்டு.

பூதக்கண்ணாடி ஒன்று போதும். வரிசை வரிசையாகச் சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. கோலின் உடைந்த கறுப்புத் தடமும், அதன் மேல் கோட்டைச் சற்றே தாண்டி வழிந்து ஓரத்தில் தேங்கிக் காய்ந்த வண்ணமும் தெரிந்தால் கைவேலை. நான் அஞ்சுவது போலியைவிட, வண்ணமிடாத பழைய தாளை வாங்கி அண்மையில் வண்ணம் பூசி விற்பதைத்தான். தாளின் பழுப்புப் புள்ளிகளுக்கு மேலேயே நிறம் ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆங்கிலப் பறவையியலாளர் ஜான் கூல்டின் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) நூலில் கழுத்தின் மினுக்கத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் வண்ணம் பூசினார்கள். அதை எந்த மின்படியும் காட்டாது. எனவே முடிந்தால் இரண்டு நூலகங்களுக்கும் எழுதி, கிளியின் கண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்துத் தரக் கேளுங்கள். கோந்து தொட்டு வைத்த பளபளப்பு அங்கேதான் தங்கியிருக்கும்.