கையுறையைக் கழற்றும் மகன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். மகனுக்கு 23 வயது. அமெரிக்காவில் ஒரு சிறிய தொழில்முறை அணியில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். விளையாடுகிறான் என்பதைவிட அடிபடுகிறான் என்பதே சரி. தங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரரை எதிரணியில் யாராவது முட்டினால், இவன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

போனமுறை வீட்டுக்கு வந்தபோது வலது கை வீங்கியிருந்தது. இடியப்பத்தைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று இருட்டறையிலேயே படுத்துக் கிடந்தான். பைக்குள் நோவுக் குளிசைப் போத்தல் ஒன்று; அதில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. என் கணவரோ இவனுடைய சண்டை வீடியோக்களைச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்புகிறார். "விட்டுவிடு" என்றால், "உங்களுக்கு விளங்காது அம்மா" என்று போனை வைத்துவிடுகிறான். நான் என்ன செய்ய?

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தப் போத்தல். இதே வேலை பார்த்த டெரெக் பூகார்ட் 2011 மே மாதம் இறந்தபோது வயது 28. நோவுக் குளிசையும் மதுவும் சேர்ந்து உயிரை எடுத்தன. தலையில் திரும்பத் திரும்ப அடி விழுந்ததால் வரும் மூளைச் சிதைவும் அவருக்கு இருந்தது பிறகு தெரியவந்தது. மகனுக்கு வெளிச்சம் கூசுவது மூளை அதிர்ச்சியாக இருக்கலாம். அது ஆறுமுன் இன்னோர் அடி விழக் கூடாது. அணியைச் சாராத டொக்டர் ஒருவரிடம் இந்த வாரமே போகட்டும், போத்தலையும் கொண்டு போகட்டும். குளிசையைத் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், டொக்டர் சொல்கிறபடி குறைக்கட்டும்.

"விட்டுவிடு" என்பதை இப்போதைக்குச் சொல்லாதீர்கள். இவர்கள் கோபத்தில் அடிப்பதாகத்தான் வெளியே தெரியும். ஆனால் வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் பல வருடம் இதைச் செய்த ஜோர்ஜ் லராக், சண்டையைத் தான் வெறுத்ததாக ஓய்வுக்குப் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். அணிக்குள் அதை யாரிடம் சொல்ல முடியும்? அதனால் மகனிடம், "நாளைக்கு ஆட்டம் என்றால் இரவு நித்திரை வருகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். உடனே பதில் வராது, பரவாயில்லை, இன்னொரு நாள் வரும்.

சண்டைக்கென்றே ஒருவரை வைத்திருப்பது என்.எச்.எல்.லில் ஏறக்குறைய நின்றுவிட்டது. இளம் ஆட்டக்காரர்கள் விளையாடும் கியூபெக் ஜூனியர் லீக்கில் 2023 முதல் சண்டை பிடித்தால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுகிறார்கள். இது மகனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்து என்ன என்ற பேச்சை அவனே எடுக்கட்டும்.

அப்புறம், கணவரிடம் இன்றைக்கே பேசுங்கள். அந்த வீடியோக்களை அனுப்புவதை அவர் நிறுத்த வேண்டும். அப்பா பெருமைப்படுகிறார் என்பதற்காகவே மகன் இன்னொரு சண்டைக்குப் போகக் கூடும்.