பால் கக்கலும் பச்சை வாந்தியும்

“20 நாள் ஆண் பிள்ளை. பால் குடித்ததும் கக்குகிறான். கருவிலேயே குடல் முறுகியிருக்கலாம், கையால் தடவிச் சரிசெய்யலாம் என்று ஆஸ்டியோபதி (உடம்பைக் கையால் அழுத்தி, நீவிச் செய்யும் வைத்தியம்) வீடியோ ஒன்றில் சொன்னார்கள். மாமியார் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் தூக்கிப்போகச் சொல்கிறார். மாசமாக இருந்தபோது வழுக்கி விழுந்தேன், அதனாலா?” – தக்கலை வாசகி

நீங்கள் விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விடுங்கள்.

அந்த வீடியோ சொன்னதில் கருவில் குடல் சுற்றுகிறது என்பது மட்டும் உண்மைதான். நாலாவது வாரத்தில் ஒரு தட்டையான தகடு சுருண்டு குழாயாகிறது. அதுதான் குடல். அது வளரும் வேகத்துக்கு வயிற்றில் இடம் போதாது. ஆறாவது வாரத்தில் தொப்புள்கொடிக்குள் இறங்கி, அங்கே நீண்டு, பத்தாவது வார வாக்கில் உள்ளே வந்துவிடும். இதற்கிடையில் தனக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையே அச்சாக வைத்து 270 டிகிரி சுற்றிவிடும். அப்புறம் அகலமான ஒரு ஜவ்வு அதை முதுகுப்புறச் சுவரோடு பிடித்துக்கொள்ளும். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு இந்தச் சுற்று பாதியில் நின்றுவிடும். அப்போது ஜவ்வின் அடி குறுகிப்போய், ஒற்றைக் காம்பில் தொங்கும் வாழைக்குலை மாதிரி குடல் தொங்கும். காம்பு முறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

1874-இல் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கியது ஆஸ்டியோபதி. ஆசானின் வர்மமோ அதைவிடப் பழையது. சுளுக்குக்கு ஆசானிடம் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முறுகிய குடலை வெளியிலிருந்து எந்தக் கையாலும் அவிழ்க்க முடியாது, அறுவை சிகிச்சைதான் வழி. பச்சைப்பிள்ளையின் வயிற்றை யாரும் அழுத்தவே கூடாது.

உங்கள் பிள்ளை கக்குவது வெள்ளைப் பால், தயிர்போல் திரிந்த பால் என்றால், எடையும் ஏறி, நன்றாகச் சிறுநீரும் போனால், கவலை வேண்டாம். தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள், போதும். சீறிப் பாய்ந்து வாந்தி எடுத்தாலோ எடை ஏறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைத்த வசம்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். எத்தனை தடவை சொன்னாலும் வீட்டுக்கு வீடு ஒரு சங்கு எடுத்துவிடுகிறார்கள்!

நீங்கள் பார்க்க வேண்டியது நிறத்தை. முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி பச்சையாக வாந்தி எடுத்தால், அது பித்தநீர்; குடல் முறுகியிருக்கலாம். ஒரு தடவை எடுத்தாலும் போதும், வயிறு உப்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் பால் கொடுக்க வேண்டாம். பச்சை பட்ட துவர்த்தை (துண்டை) துவைக்காமல் கையோடு கொண்டுபோய், முதலில் அதைக் காட்டுங்கள்.